சார்ஜ்பேக் உத்தரவாதமும் ஸ்கிரிப்ட் கண்காணிப்பும் விற்கும் சிறு நிறுவனம்: 42% வளர்ச்சியை எப்படிப் படிப்பது?

மூன்றாம்காலாண்டு எழுதியது:

வணக்கம். இணையக் கடைகளுக்குப் பாதுகாப்புத் தொழில்நுட்பம் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் பேச்சு பங்கு விலைப் பக்கம் ஓடிவிடும், அதனால் போடவில்லை. முந்தைய ஆண்டின் மொத்த வருமானத்தை 100 என்று வைத்து எல்லா எண்களையும் அந்த அளவுக்கு மாற்றியிருக்கிறேன்.

வருமானம் 100லிருந்து 142. அதில் சார்ஜ்பேக் உத்தரவாதம் 55லிருந்து 93 (சார்ஜ்பேக் என்றால் அட்டைக்காரர் புகார் செய்து, பணம் கடையிடமிருந்து திரும்ப எடுக்கப்படுவது; ஆர்டரை ஆராய்ந்து "அனுப்பலாம்" என்பார்கள், பின்னால் அது திருட்டு அட்டை என்று தெரிந்தால் கடைக்காரரின் நட்டத்தை இவர்களே கொடுப்பார்கள்). பேமென்ட் பக்கத்தின் ஸ்கிரிப்டுகளை (பிரவுசரில் ஓடும் சிறு நிரல்கள்) கண்காணிக்கும் ஆண்டுச் சந்தா 33லிருந்து 41. நிறுவித்தரும் வேலை 12லிருந்து 8.

மொத்த லாபம் (நேரடிச் செலவு மட்டும் போக மீதி) 61லிருந்து 74. இயக்கச் செலவு 88லிருந்து 107. ஆக இயக்க நட்டம் 27 இருந்தது, இப்போது 33. கையிருப்பு 70, ஆண்டில் கரைந்தது 38. 25க்கு மாற்றத்தக்க கடன் பத்திரம் இருக்கிறது, மாற்றும் நாளின் சந்தை விலையில் 20% தள்ளுபடியில் பங்காகும். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் 31%. சந்தை மதிப்பு 420.

"பிசிஐ 4.0 அலை இப்போதுதான் ஆரம்பம்" என்கிறது நிர்வாகம் (பிசிஐ என்பது அட்டை விவரங்களைக் காக்கும் பாதுகாப்பு விதித்தொகுப்பு). வருமானத்தைப்போல 3 மடங்கு என்பது 42% வளரும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்துக்கு மலிவாகத்தான் தெரிகிறது. எதைக் கவனிக்கத் தவறுகிறேன்?

---

பேரேடு எழுதியது:

இதை மென்பொருள் நிறுவனம் என்று எடுத்துக்கொண்டதுதான் முதல் சறுக்கல். வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு காப்பீட்டு வியாபாரம். அதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

சந்தாவின் மொத்த லாப விகிதம் 80%, நிறுவும் வேலைக்கு 10% என்று வைத்துக்கொள்வோம். என் அனுமானம்தான், உங்களுக்கு வேறு எண் சரியென்று பட்டால் அதைப் போடுங்கள், முடிவின் திசை மாறாது. முந்தைய ஆண்டில் சந்தா 26.4, நிறுவுதல் 1.2 போக 61இல் மீதி 33.4 உத்தரவாதத்தின் பங்கு, 55க்கு 33.4, அதாவது 61%. இந்த ஆண்டில் சந்தா 32.8, நிறுவுதல் 0.8 போக 74இல் மீதி 40.4, 93க்கு 40.4, அதாவது 43%.

உத்தரவாத வருமானம் 38 கூடியதற்கு மொத்த லாபம் கூடியது 7 மட்டும். புதிதாக வந்த ஒவ்வொரு 100க்கும் 18தான் தேறுகிறது. 42% வளர்ச்சி என்ற தலைப்புக்குப் பின்னால் நடந்தது இது.

ஏன் இப்படி விழும்? முக்கியமாக இரண்டு காரணங்கள் இருக்கலாம்: பெரிய வாடிக்கையாளரைப் பிடிக்கக் கட்டணத்தைக் குறைத்திருப்பார்கள், அல்லது அனுமதிக்கும் விகிதத்தைத் தளர்த்தியிருப்பார்கள். இரண்டாவது ஆபத்தானது. இந்தத் தொழிலில் கட்டணம், அனுமதித்த ஆர்டர்களின் மதிப்பில் ஒரு சதவீதம். சந்தேகத்துக்கிடமான ஆர்டருக்கும் "சரி" சொன்னால் இன்றைக்கே வருமானம் ஏறும்; அட்டைக்காரர் புகார் செய்ய பொதுவாக 120 நாள் வரை அவகாசம் இருப்பதால் நட்டம் அடுத்த காலாண்டிலோ அதற்கடுத்ததிலோதான் வந்து சேரும். வளரும் நிறுவனத்தில் எப்போதும் புது ஆர்டர்கள்தான் அதிகம் என்பதால் லாப விகிதம் உள்ளதைவிட அழகாகத் தெரியும்.

எவ்வளவு மெல்லிய கயிறு என்பதற்கு ஒரு கணக்கு. ஆர்டர் மதிப்பில் 0.80% கட்டணம், 0.40% சார்ஜ்பேக் என்றால் மீதி 0.40. மோசடி 0.55%க்கு ஏறினால் மீதி 0.25. மோசடி 0.15 புள்ளி நகர்ந்ததற்கு மொத்த லாபத்தில் 37.5% போய்விடும். திருட்டு அட்டை எண்களை வைத்துக்கொண்டு ஒரு கும்பல் ஒரு பெரிய கடையில் இரண்டு வாரம் விளையாடினால் இந்த நகர்வு நடந்துவிடும்.

குறிப்புகளில் சார்ஜ்பேக் ஒதுக்கீட்டுக்கு (இனி வரப்போகும் சார்ஜ்பேக்குக்காக எடுத்துவைத்த தொகை) ஓர் அட்டவணை இருக்கும்: தொடக்க இருப்பு, ஆண்டில் சேர்த்தது, கொடுத்தது, முடிவு இருப்பு. அதை இங்கே போடுங்கள். "முந்தைய காலத்துக்கானது" என்று தனி வரி இருந்தால் அதுதான் முக்கியம்.

---

சோர்ஸ்வியூ எழுதியது:

ஸ்கிரிப்ட் கண்காணிப்புப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். "அலை ஆரம்பம்" என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

அந்த அலைக்குக் காரணம் பிசிஐ டிஎஸ்எஸ் 4.0இன் இரண்டு விதிகள். 6.4.3: பேமென்ட் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியல், அது ஏன் தேவை என்று எழுத்தில் காரணம், அனுமதி, மாற்றப்படவில்லை என்பதற்கு உறுதி. 11.6.1: வாடிக்கையாளரின் பிரவுசருக்கு வந்துசேரும் பக்கத்தின் ஸ்கிரிப்டுகளும் ஹெச்டிடிபி ஹெடர்களும் (பக்கத்தோடு பிரவுசருக்கு வரும் கட்டளை வரிகள்) மாறினால் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், குறைந்தது வாரம் ஒருமுறை, அல்லது தனி இடர் ஆய்வில் தீர்மானித்த இடைவெளியில். இரண்டும் கட்டாயமானது 2025 மார்ச் 31. அதற்கு முன்பு ஓடிப்போய் வாங்கியவர்கள்தான் அந்த 33லும் 41லும் இருக்கிறார்கள்.

அதற்குள் ஒரு திருப்பம். 2025 ஜனவரி கடைசியில் பிசிஐ கவுன்சில், அட்டை விவரங்களை முழுக்க வெளியாரிடம் ஒப்படைத்த கடைகள் நிரப்பும் எஸ்ஏக்யூ ஏ என்ற சுயமதிப்பீட்டுப் படிவத்திலிருந்து இந்த இரண்டு விதிகளையும் எடுத்துவிட்டது. பதிலுக்கு, "ஸ்கிரிப்ட் தாக்குதலுக்கு என் தளம் இடம் தராது" என்று கடை உறுதி செய்தால் போதும் என்ற தகுதி நிபந்தனை வந்தது. பிறகு வந்த விளக்கத்தின்படி, பேமென்ட் படிவத்தை ஐஃப்ரேமில் (தன் பக்கத்துக்குள் வேறு தளத்தைக் காட்டும் பெட்டி) உட்பொதித்த கடைக்குத்தான் அதுவும். வேறு தளத்துக்குத் திருப்பிவிடும் கடைக்கு அது பொருந்தாது. அந்த உறுதிமொழிக்குப் பேமென்ட் சேவையாளரிடமிருந்து சான்று வாங்கினாலும் போதும். ஆக, எண்ணிக்கையில் அதிகமான சிறு, நடுத்தரக் கடைகளை விதி இனிமேல் தள்ளிக்கொண்டு வந்து விடாது. நிர்வாகத்தின் சந்தை அளவுப் படம் எந்த மாதத்தில் போட்டது என்று பாருங்கள். 2024 படத்தையே இன்னும் காட்டினால் அதில் எண்ணப்பட்ட வாடிக்கையாளர்களில் பலர் இப்போது இல்லை.

தேவை பொய் என்று சொல்லவில்லை. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் மாடர்னைசர் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பின் கடைசியில் ஒட்டவைத்த 22 வரி நிரல்தான் அட்டை விவரங்களைத் திருடியது. 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம். கைமாறிய பாலிஃபில் டொமைன் தந்த ஸ்கிரிப்டை நம்பியிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் 2024 ஜூனில் மாட்டிக்கொண்டன. கேள்வி, இந்த நிறுவனத்தின் கருவி இப்படியானதைப் பிடிக்குமா என்பது.

கருவி இரண்டு வகை. வெளியிலிருந்து ஒரு ரோபோ பிரவுசர் வந்து பக்கத்தைத் திறந்து பார்ப்பது முதல் வகை. நிறுவ எதுவும் வேண்டாம், விற்பது சுலபம். ஆனால் திருட்டு நிரல் முட்டாள் இல்லை: பார்வையாளரின் இணைய முகவரி (ஐபி) ஒரு டேட்டா சென்டருடையது என்றால் சும்மா இருக்கும், டெவலப்பர் டூல்ஸ் திறந்திருந்தால் சும்மா இருக்கும், ஒரே பார்வையாளருக்கு ஒருமுறைதான் ஓடும், அட்டைப் படிவம் திறந்தால்தான் விழிக்கும். ரோபோவுக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும். இரண்டாவது வகை, பக்கத்துக்குள்ளேயே தங்கள் ஸ்கிரிப்டை முதலாவதாக ஏற்றி, உண்மையான பயனரின் பிரவுசரில் மற்ற ஸ்கிரிப்டுகள் எந்த இன்புட் பெட்டியைப் படிக்கின்றன, எங்கே அனுப்புகின்றன என்று பார்ப்பது. இதுதான் பலமானது. ஆனால் அதுவே பேமென்ட் பக்கத்தில் இன்னொரு வெளியார் ஸ்கிரிப்ட், 6.4.3 பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டும்; பக்கம் மெதுவானால் கடையின் விற்பனைக் குழு முதலில் அதைத்தான் தூக்கச் சொல்லும்.

"சிஎஸ்பியும் எஸ்ஆர்ஐயும் (பிரவுசரிலேயே உள்ள பாதுகாப்பு வசதிகள்) இலவசமாக இருக்கும்போது இது எதற்கு" என்று யாராவது கேட்பார்கள். எஸ்ஆர்ஐ, ஸ்கிரிப்ட் மாறவில்லை என்று ஹாஷ் என்ற கைரேகையை வைத்துப் பார்க்கும்; சாட், விளம்பரம் போன்ற அடிக்கடி மாறும் ஸ்கிரிப்டில் அது நிற்காது. அடுத்த அப்டேட்டில் பக்கமே உடையும். சிஎஸ்பி பெரும்பாலும் எந்த டொமைன் என்றுதான் பார்க்கும், என்ன செய்கிறது என்று பார்க்காது. அனுமதிக்கப்பட்ட கூகுள் அனலிட்டிக்ஸ் வழியாகவே திருடிய விவரங்களை அனுப்பிய தாக்குதல்கள் 2020இலேயே வெளிவந்தன. எனவே காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள்தான். யாரிடம் வாங்குவார்கள் என்பதுதான் சிக்கல்: கிளவுட்ஃபிளேரும் அகாமையும் தங்கள் சிடிஎன் (தளத்தை வேகமாகக் கொண்டுசேர்க்கும் சர்வர் வலை) வாடிக்கையாளருக்கு இதையே விற்கிறார்கள். புதிதாக ஒப்பந்தம் போடவோ டிஎன்எஸ்ஸை (தளத்தின் முகவரி அமைப்பு) தொடவோ தேவையில்லை.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று. நிறுவனம் தன் தளத்தில் பெயர் போட்டிருக்கும் வாடிக்கையாளர்களின் கடையைத் திறந்து, ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பேமென்ட் பக்கம் வரை போய் (பணம் கட்ட வேண்டாம்) டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் இவர்கள் டொமைனைத் தேடுங்கள். ஸ்கிரிப்டாக இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தின் ரெஸ்பான்ஸ் ஹெடரில் சிஎஸ்பி வரியைப் பாருங்கள். ரிப்போர்ட் அனுப்பும் முகவரி இவர்களுடையதாக இருக்கலாம். முகப்புப் பக்கத்தில் மட்டும் பார்த்து "இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரோபோ வகைக் கருவி என்றால் எங்குமே தடயம் இருக்காது, அப்போது இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

---

மூன்றாம்காலாண்டு எழுதியது:

பேரேடு சார், நீங்கள் கேட்ட அட்டவணை. தொடக்க இருப்பு 4. சேர்த்தது 46. கொடுத்தது 43. முடிவு இருப்பு 7. கொடுத்ததில் முந்தைய ஆண்டு ஆர்டர்களுக்கானது 5.5. நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. 4 ஏழாக உயர்ந்திருக்கிறதே, எச்சரிக்கையாகத்தானே ஒதுக்கியிருக்கிறார்கள்?

சோர்ஸ்வியூ, பக்கத்துக்குள் ஓடும் வகைதான். சந்தாப் புதுப்பிப்பு விகிதத்தை அறிக்கையில் சொல்லவில்லை.

---

பேரேடு எழுதியது:

ஏறியது ஏறத்தான் வேண்டும், வியாபாரம் அவ்வளவு ஏறியிருக்கிறது. போதுமா என்பதுதான் கேள்வி. போதவில்லை என்றுதான் படுகிறது.

முதல் வழி: தொடக்கத்தில் 4 வைத்திருந்தார்கள், அந்த ஆர்டர்களுக்குக் கொடுத்தது 5.5. அதாவது ஒதுக்கியதைவிட 37.5% கூடுதலாகத் தேவைப்பட்டது. அதே பழக்கம் தொடர்ந்தால் இப்போதைய 7இல் 2.6 குறைகிறது.

இரண்டாவது வழி: டிசம்பர் முடிவு என்றால் விற்பனை உச்சத்துக்கு அடுத்த நாளே கணக்கு மூடுகிறார்கள். கடைசிக் காலாண்டில் ஆண்டு ஆர்டர்களில் 35% விழுகிறது என்று வைத்தால் அதற்கான சார்ஜ்பேக் சுமார் 16. ஆர்டருக்கும் சார்ஜ்பேக்குக்கும் சராசரி 50 நாள் இடைவெளி என்றால் 92 நாள் காலாண்டில் இன்னும் வந்து சேராதது 16 × 50 ÷ 92, சுமார் 8.7. இருப்பது 7.

இரண்டு வழியிலும் 2ஐ ஒட்டி ஓட்டை. 33 நட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. மோசடிக் கணக்கு என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் 43% என்ற விகிதம் உண்மையில் 41ஐ ஒட்டியது, முதல் காலாண்டு முடிவில் அது வெளியே தெரியும். அந்த அறிக்கை வரும்வரை வாங்கக் காத்திருப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள்: உத்தரவாதம் எந்த நாடுகளில் விற்கிறது? 3டி செக்யூர் (ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு) வழியாக அட்டைக்காரர் சரிபார்க்கப்பட்டால் மோசடிப் பொறுப்பு பொதுவாக அட்டை கொடுத்த வங்கிக்குப் போய்விடும். இந்தியாவில் 2009இலிருந்து கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். ஐரோப்பாவில் அதே போன்ற கட்டாயத்தோடு பிஎஸ்டி2 என்ற பேமென்ட் சட்டம் வந்தது. அங்கெல்லாம் உத்தரவாதத்துக்கு இடம் குறைவு. ஐரோப்பாவில் விற்கக் கூடியது வேறு: சரிபார்ப்பைத் தவிர்க்கும் விலக்கு. 100 யூரோ வரை மோசடி விகிதம் 0.13%, 250 வரை 0.06%, 500 வரை 0.01% என்ற வரம்புக்குள் இருந்தால் விலக்கு கேட்கலாம். ஆனால் அந்த விகிதம் பேமென்ட் சேவையாளருடையது, கடையுடையது அல்ல. அதனால் அங்கே வாடிக்கையாளர் கடை இல்லை, கேட்வே (கடைக்காக அட்டைப் பணத்தை வாங்கித்தரும் நிறுவனம்). விற்பனை முறையே மாறும்.

---

கரையோரம் எழுதியது:

எண்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன், இந்தத் துறையில் பொருள் நல்லதாக இருந்தும் தோற்பது சகஜம். பரிவர்த்தனை யார் கையில் ஓடுகிறதோ அவர்கள் அதே பொருளைக் கட்டணத்துக்குள் சேர்த்துக்கொடுத்து விடுவார்கள். பேமென்ட் நிறுவனமான ஸ்ட்ரைப் 2016இல் ரேடார் என்ற மோசடித் தடுப்பைக் கொண்டுவந்தது. விசா 2010இல் பேமென்ட், மோசடித் தடுப்பு நிறுவனமான சைபர்சோர்ஸை சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் மாஸ்டர்கார்டு எத்தோகாவையும் விசா வெரிஃபையையும் வாங்கின. இரண்டும் தகராறை முன்கூட்டியே கடைக்குத் தெரிவிக்கும் சேவைகள். இதே சார்ஜ்பேக் உத்தரவாதம் விற்கும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட உதாரணம் ரிஸ்கிஃபைட்: 2021 ஜூலையில் 21 டாலருக்கு வந்தது, 2022 முதல் 2024 வரை ஒற்றை இலக்கத்தில்தான் கிடந்தது. உத்தரவாத வருமானத்துக்குச் சந்தை மென்பொருள் மடங்கு கொடுப்பதில்லை.

எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையிலான தொடர்பைப் பூட்டுவது) கதையும் இதுதான். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. நிறுவனத்தின் அடையாளத்தையும் சரிபார்த்துத் தரும், விலை அதிகமான ஈவி சான்றிதழைப் "பச்சைப் பட்டை" காட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். 2019 செப்டம்பரில் குரோம் 77 நிறுவனப் பெயரை முகவரிப் பட்டையிலிருந்தே எடுத்துவிட்டது. விற்பனைப் பேச்சு ஒரே அப்டேட்டில் போனது. அது விற்றவர்களின் தப்பால் அல்ல.

அதனால் உங்கள் நிறுவனத்துக்கு கேட்வே கூட்டாளி ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் எவ்வளவு காலம், கூட்டாளி தானே போட்டிப் பொருள் செய்யத் தடை உண்டா என்று பாருங்கள். தடை அநேகமாக இருக்காது.

---

மூன்றாம்காலாண்டு எழுதியது:

கூட்டாளி ஒப்பந்தம் இரண்டு இருக்கிறது, நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. கடைசியாக ஒன்று: அந்த 31% வாடிக்கையாளர் போனால் என்ன ஆகும்? ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது.

---

பேரேடு எழுதியது:

142இல் 31% என்றால் 44. முழுதும் உத்தரவாதம் என்று கொண்டால் 43% விகிதத்தில் மொத்த லாபம் 19 போகும். ஆண்டுக்கு 38 கரைவது 57 ஆகும். 70 கையிருப்பு 22 மாதத்துக்குப் பதில் 15 மாதம். அதுவும் ரொக்கத்தில் இன்னும் மோசம்: கட்டணம் நின்ற பிறகும் நான்கு மாதம் பழைய ஆர்டர்களின் சார்ஜ்பேக் வந்துகொண்டே இருக்கும்.

போகாமலே விலை குறைக்கச் சொல்வதுதான் அதிகம் நடக்கும். இவ்வளவு பெரிய கடை இரண்டு ஆண்டுத் தரவை வைத்துக்கொண்டு "எங்கள் மோசடி விகிதம் இவ்வளவுதான், உங்கள் கட்டணம் அதைப்போல இரண்டு மடங்கு" என்று கேட்கும். அவர்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது. உத்தரவாதம் பணத்தைத் திருப்பித் தரும், சார்ஜ்பேக் எண்ணிக்கையைக் குறைக்காது. விசா 2025 ஏப்ரலில் தொடங்கிய, மோசடி அதிகமான கடைகளைக் கண்காணிக்கும் வாம்ப் திட்டத்தில் மோசடி அறிக்கைகளும் தகராறுகளும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. பணம் கிடைத்த கடையும் அந்தக் கணக்கில் தப்பாது. அதனால் "தளர்த்தி அனுமதி, நட்டம் எங்களுடையது" என்ற பேச்சு முன்போல எடுபடாது.

பத்திரத்தையும் மறக்காதீர்கள். 20% தள்ளுபடியில் 25 என்பது 31.25 மதிப்புள்ள பங்கு. சந்தை மதிப்பு 420 இருக்கும்போது மாறினால் மொத்தப் பங்கில் 6.9%. அந்த வாடிக்கையாளர் போய் மதிப்பு 150 ஆனபின் மாறினால் 17.2%. மாற்று விலைக்குக் கீழ்வரம்பு இருக்கிறதா என்பதைப் பத்திர ஒப்பந்தத்தில் பாருங்கள். இல்லையென்றால் விலை விழ விழ நீர்த்துக்கொண்டே போகும் வகை.

மலிவா என்று கேட்டீர்கள். 420இலிருந்து ரொக்கம் 70 கழித்து, கடன் 25 கூட்டினால் 375. சந்தாவுக்கு வருமானத்தைப்போல 5 மடங்கு தாராளமாகவே கொடுத்தால் 205. உத்தரவாதத்துக்கு மொத்த லாபத்தைப்போல 2 மடங்கு, சுமார் 80. சேர்த்து 285. என் கணக்கில் இது விலை கூடிய பங்கு.

---

சோர்ஸ்வியூ எழுதியது:

அந்த 5 மடங்குக்கு ஒரு நிபந்தனை போடுகிறேன். 2025 மார்ச்சுக்காக வாங்கியவர்களின் முதல் புதுப்பிப்பு 2026இல். புதுப்பிப்பு விகிதத்தை அவர்கள் சொல்லாவிட்டாலும் முன்கூட்டியே பெற்ற சந்தாத் தொகை இருப்புநிலைக் குறிப்பில் இருக்கும். மார்ச் முடிவில் அந்த வரி போன மார்ச்சைவிடக் குறைந்திருந்தால் 5ஐ 2 ஆக்கிவிடுங்கள்.

---

மூன்றாம்காலாண்டு எழுதியது:

பத்திரத்துக்குக் கீழ்வரம்பு இல்லை, இப்போதுதான் பார்த்தேன். மார்ச் காலாண்டு அறிக்கை வந்ததும் ஒதுக்கீடு, சந்தாத் தொகை இரண்டு வரியையும் இங்கேயே போடுகிறேன்.